தண்ணீர் குடிக்காத மகள்

சிங்கப்பூருக்குக் குடிவந்த புதிதில் என் சின்ன மகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் பால் வேண்டாம். பகலில் தண்ணீர் வேண்டாம். சாயங்காலம் சைல்ட்கேரிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, அவள் கழுத்தில் தொங்கும் பாட்டிலில் காலையில் நான் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருக்கும். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகு, நின்ற இடத்திலேயே முழு பாட்டிலையும் மடமடவென்று குடித்து முடிப்பாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது.

நாங்கள் திருச்சியிலிருந்து வந்தவர்கள். வேலை கிடைத்து வந்தவள் என் மனைவி. நான் அவள் பின்னால் வந்தவன். இதைச் சொன்னால் தேக்கா சந்தைக் காய்கறிக் கடைக்காரர் முதல் லிஃப்டில் பார்க்கும் பெரியவர் வரை எல்லார் முகத்திலும் ஒரு சின்ன நெளிவு தெரியும்.

"சார் என்ன பண்றீங்க?"

"பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன்."

"இல்ல, வேலை?"

"அதுதாங்க வேலை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே வந்தும் அது குறையவில்லை. கட்டட வரைபடம் போடுவது என் தொழில். இங்கே ஒரு நிறுவனத்தில் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அடுத்த மாதம் சேரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பெண்கள் இரண்டு பேரையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது நினைத்தேன்.

மூத்தவளால் தொல்லையே இல்லை. எட்டு வயது. பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே அவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். "பால் குடிச்சியா?" என்று கேட்டால் "குடிச்சாச்சு லா" என்பாள். என் ஆங்கிலத்தைத் திருத்துவாள். பஸ்ஸில் பயண அட்டையை எந்தப் பக்கம் காட்டுவது என்று எனக்குச் சொல்லித்தருவாள். தங்கைக்கும் அவள்தான் ஆங்கில வாத்தியார். தனக்குத் தெரிந்த பாதியை மூன்று மடங்கு அதிகாரத்தோடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு இடம் தேடியதுதான் பெரும் பாடு. பேரர் பார்க் பக்கம் எங்கள் வீடு. சுற்றுவட்டாரத்தில் எந்த சைல்ட்கேரில் கேட்டாலும் சிரித்த முகத்தோடு காத்திருக்கச் சொன்னார்கள். எனக்குச் சிரித்த முகத்தோடு இல்லை என்று சொல்பவர்களைக் கண்டாலே ஆகாது. கேலாங்கில் ஓர் இடம் பிடித்திருந்தது. அங்கே அடுத்த வருடம்தான் என்றார்கள். செம்பவாங்கில் உடனே சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆனால் அது தீவின் வடகோடி. தினமும் அவ்வளவு தூரம் ரயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி கூட்டிவரக் கிளம்புவதென்றால், நான் வேலைக்குப் போகாமல் ரயிலிலேயே குடியிருக்க வேண்டியதுதான். கடைசியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி, தரைத்தளத்தில் இருந்த ஒரு சைல்ட்கேரில் யாரோ வீடு மாற்றிக்கொண்டு போனதில் ஓர் இடம் காலியானது. அந்த முகம் தெரியாத குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று அன்றைக்கு மனதார வாழ்த்தினேன்.

அங்கே தமிழ் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. வகுப்பு டீச்சர் நடுவயதுச் சீனப் பெண்மணி. குட்டை முடி, மெதுவான குரல். குழந்தைகளிடம் பேசும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துத்தான் பேசுவார். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. சின்னவள் ஒரு வாரம் அழுவாள், பிறகு பழகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அவள் அழவே இல்லை. அதற்குப் பதிலாக உடையை நனைக்க ஆரம்பித்தாள்.

ஊரில் இருக்கும்போதே எல்லாம் பழகியவள் அவள். எங்கே இருந்தாலும் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்து "ஒண்ணுக்கு" என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் ஈர உடைகள் தினமும் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு என் கைக்கு வந்தன. மாற்று உடைகளைக் கூடுதலாக வைத்து அனுப்பினேன். அவையும் நனைந்து வந்தன. வீட்டில் அவள் ஒரு நாள்கூட நனைத்ததில்லை. பிறகுதான் தண்ணீரையே நிறுத்தினாள். எதற்கு என்று எனக்குப் புரிந்தது: குடித்தால்தானே வரும். மூன்றரை வயதுக் குழந்தை இவ்வளவு யோசித்து நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்திருக்கிறது.

சைல்ட்கேரின் தலைவி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இந்த வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே கழிப்பறைக்குப் போகப் பழகியிருக்க வேண்டும், இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பில் இடமில்லை, மாதக் கடைசி வரை பார்ப்போம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் மாதக் கடைசிக்குப் பிறகு என்ன என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஊரிலிருந்து பதில் வந்தது. மனைவியின் அக்கா வீடியோ காலில் வந்து, "குழந்தையை எங்கிட்ட அனுப்பிடுங்க. ஒரு வருஷம் நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேலைக்குப் போங்க. கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். இங்கே வந்து வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் என் மனைவி அதற்கு ஒரு சொல்கூட மறுத்துப் பேசாததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"யோசிச்சுப் பார்த்தா அதுதான் சரியா வரும்," என்றாள். ஆபீசில் பேசும் குரல் அது. மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டாள். பெரியவர்கள் பேசுவது குழந்தைக்குப் புரியக் கூடாது என்று இதையெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவளுக்கு இவ்வளவு கல்மனசா என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சாப்பாடு, மூத்தவளின் வீட்டுப்பாடம், கரண்ட் பில் தவிர வேறு பேச்சே எங்களுக்குள் இல்லாமல் போனது.

சின்னவளிடம் நானே விசாரணை நடத்தினேன். மடியில் உட்காரவைத்து, "ஏன் கண்ணு, டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"மிஸ் திட்டுவாங்க."

"திட்டறாங்களா? என்ன சொல்லித் திட்டறாங்க?"

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்" என்று தலையை ஆட்டினாள். எத்தனை விதமாகக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை அவளை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. சைல்ட்கேரின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழ்ப்பாதியில் யானை, ஒட்டகச்சிவிங்கிப் படங்கள் ஒட்டியிருக்கும். ஒட்டகச்சிவிங்கியின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாகப் போன ஒரு அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். திருடனைப் பிடிக்க வந்தவன்போலத்தான் நானும் நின்றிருப்பேன்.

திட்டுகிற டீச்சரைப் பார்க்க வந்தேன். பார்த்தது வேறு. டீச்சர் என் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராகப் புன்னகையோடு ஏதோ கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. கேட்ட மாத்திரத்தில் என் மகளின் முகம் சுருங்கியது. கால்களைப் பின்னிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். இவ்வளவு அன்பான முகத்தோடு ஒருவரால் என்ன திட்டிவிட முடியும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை போடுவதற்காகத் தயார் பண்ணி வைத்திருந்த ஆங்கில வாக்கியங்களை அப்படியே விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். ஞாயிறு காலையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. தரை முழுக்கத் தண்ணீர். இவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டித் தாண்டி வந்தாள். மீன் கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் நின்றிருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் வயதிலேயே ஒரு பெண் குழந்தை நெளிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா குனிந்து கேட்டார்: "யூ ஷீஷீ ஆ? ஷீஷீ வருதா? ஃபிஷ் வாங்கிட்டுப் போலாம், கொஞ்சம் ஹோல்ட் பண்ணு லா."

என் விரல் நெரிந்தது. திரும்பிப் பார்த்தால் என் மகள் என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

"என்ன கண்ணு?"

"அப்பா, அந்தப் பாப்பா என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அப்புறம் ஏன் அவங்க அம்மா சீச்சீன்னு சொல்றாங்க? மிஸ்ஸும் என்னை அப்படித்தான் சொல்வாங்க. யூ சீச்சீ, யூ சீச்சீன்னு. எல்லார் முன்னாடியும்."

மீன்காரர் என்னிடம் என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

எங்கள் வீட்டில் குழந்தை குப்பையைத் தொட்டால் சீச்சீ. கீழே விழுந்ததை எடுத்து வாயில் வைத்தால் சீச்சீ. மூக்கைச் சுளித்துக்கொண்டு நாங்கள்தான் அவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தோம். 'யூ' என்றால் 'நீ' என்பதை அக்கா வாத்தியார் கற்றுக்கொடுத்திருந்தாள். மூன்றரை வயதுக் காதில் 'ஷீ'க்கும் 'சீ'க்கும் என்ன வித்தியாசம்? புது ஊரில், புது இடத்தில், ஒரு பெரிய மனுஷி தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே "நீ அசிங்கம்" என்று சொல்லிவிட்டுத் தலையையும் தடவிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு இந்தக் குழந்தை தினமும் அங்கே போய்வந்திருக்கிறது. எனக்கு அந்தச் சந்தை நடுவிலேயே கண் கலங்கிவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இப்ப பாப்பாகிட்ட என்ன கேட்டீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஷீஷீ வருதான்னு கேட்டேண்ணே. ஏன்?"

"அப்படின்னா?"

"அதான்ணே, டாய்லெட். யூரின்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லுவோம். சைனீஸ், மலாய், நம்ம ஆளுங்க, எல்லாருமே. நீங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க?"

நான் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ, பாவம் லா," என்று என் மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, "பாப்பா, ஷீஷீன்னா திட்டு இல்லம்மா. இங்க பாரு, இவளுக்கு ஷீஷீ வருது. நாங்க போறோம். நீயும் வரியா?" என்றார்.

என் மகள் நம்பவில்லை. பொய் சொல்கிறார்களோ என்று என் முகத்தைத்தான் பார்த்தாள். மீனை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் பின்னாலேயே நாங்களும் கழிப்பறை வாசல் வரை போனோம். அந்தக் குழந்தை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் நனைந்த கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு குதித்துக் குதித்து வெளியே வந்தது. யாரும் அதைத் திட்டவில்லை. அதுவும் அழவில்லை. என் மகள் அதைத் தலையிலிருந்து கால் வரை ஆராய்ந்தாள்.

"எனக்கும் வருது," என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "ம்" என்றாள். "நாளைக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். டிக்கெட் இருக்கட்டும், அவசரப்பட்டு கேன்சல் பண்ண வேண்டாம்" என்றாள். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மீனைக் கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை டீச்சரிடம் பேசினேன். எங்கள் மொழியில் அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். போதாததற்கு மூக்கைச் சுளித்து நடித்தும் காட்டினேன். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தினமும் அத்தனை தடவை கேட்டேனே, தினமும் கேட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டத் தயாராக இருந்த நான் அவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

பிறகு அவரே ஏதோ ஞாபகம் வந்து நெற்றியில் தட்டிக்கொண்டார். வந்த புதிதில் இவள் அடிக்கடி ஓடிவந்து "ஒன், ஒன்" என்று சொல்வாளாம். எண்ணத் தெரிகிறதே என்று டீச்சர் கைதட்டி, "வெரி குட், டூ? த்ரீ?" என்று கேட்பாராம். இவள் காலை உதறிக்கொண்டு மறுபடி "ஒன்" என்பாளாம். டீச்சர் இன்னும் உற்சாகமாகக் கைதட்டுவாராம். கொஞ்ச நேரத்தில் உடை நனைந்திருக்குமாம். ஒண்ணுக்கு என்பதற்கு இங்கிலீஷில் ஒன் என்று அக்கா வாத்தியார் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டீச்சருக்கும் அதே கதிதான்.

உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். என் மகள் முன்னால் வழக்கம்போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஓனுக்கூ?" என்றார். இவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் கூட்டிவரப் போனபோது டீச்சர் கதவருகிலேயே நின்று இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். பிளாஸ்டிக் பை இல்லை. பாட்டிலில் தண்ணீரும் இல்லை.

புளோக்குகளுக்கு அடியில் நிழலோடு நடந்து வந்தோம். கொஞ்ச தூரம் வந்ததும் அவள் நின்றாள்.

"அப்பா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போகணுமா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீயும் அம்மாவும்தான் பேசினீங்க. சென்ட் பேக், சென்ட் பேக்னு. அக்காகிட்ட கேட்டேன். திருப்பி அனுப்பறதாம்." பிறகு தணிந்த குரலில், "நான் சீச்சீங்கறதாலயா?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "நீ ஒருநாளும் சீச்சீ இல்லடா தங்கம். யாரும் உன்னை அப்படிச் சொன்னதே இல்ல. நீ எங்கேயும் போக வேண்டாம். எங்ககூடத்தான் இருப்ப."

"நெஜமா?"

"நெஜமா."

"அப்ப அம்மாகிட்ட சொல்லிடுப்பா."

"அம்மா வந்ததும் சொல்லலாம்."

"இல்ல, இப்பவே சொல்லு. இல்லேன்னா அம்மா மறுபடி அழுவாங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறாங்க. கதவுகிட்ட நின்னா கேக்கும்."

பக்கத்தில் இருந்த கல் பெஞ்சில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவிக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகக் கிசுகிசுத்தாள்.

"இன்னிக்கு நனைக்கல," என்றேன். "தண்ணியெல்லாம் குடிச்சிட்டா. டீச்சர்கிட்டயும் பேசியாச்சு. இவ எங்கேயும் போக வேண்டாம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு அவள் அழுவது கேட்டது. அங்கே திறந்துவிட்டுக்கொள்ள அவளுக்குக் குழாய் இல்லை.